அணு உலைக்கு அடியில் ஒரு பகை

அணுமின் நிலையத்தில் அவருக்குச் சிடுமூஞ்சி என்றுதான் பெயர். கூப்பிட்டால் எரிந்து விழுவார், கூப்பிடாவிட்டால் கறுவுவார். உலைக்கு அடியில், ஜன்னலில்லாத அறையில், ஈயக் கட்டிகளுக்கு நடுவே வைத்த ஜெர்மேனியம் என்ற தனிமத்தின் படிகம் ஒன்றைக் கட்டிக்கொண்டு பாதி ஆயுளைக் கழித்த விஞ்ஞானி.

உலையிலிருந்து கொட்டும் நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் பூமியையே துளைத்துக்கொண்டு போகும்; எதையும் சட்டை செய்யாது. மின்னூட்டமும் கிடையாது. ஆனால் துளியாவது காந்தத்தன்மை இருந்தால், படிகத்திலுள்ள எலக்ட்ரான்களைக் கொஞ்சம் கூடுதலாகத் தட்டிவிடும். உலை ஓடும்போது அந்தச் சின்னத் தட்டல்கள் கூட வேண்டும், நின்றால் குறைய வேண்டும். அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அதுவும் மச்சான் முகத்துக்கு நேரே காட்ட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. பின்னால் வந்து, குழுவுக்குத் தலைவனாக மேலே உட்கார்ந்தவன். அன்றிலிருந்து இருவருக்கும் ஏழாம் பொருத்தம். மனைவிதான் இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். வந்ததும் அவன் படிகம் இருந்த கருவி மேடையின் கால்களுக்கு அடியில் கனத்த ரப்பர் துண்டுகளைச் செருகினான். இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நேத்து வந்தவன் என் கருவியில கை வைக்கிறதா?” என்று, அவன் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, மேடையை ஜாக்கி வைத்துத் தூக்கி அவற்றை உருவி எடுத்தார்.

அதற்குப் பிறகுதான் அதிர்ஷ்டம் அடித்தது. உலை ஓடினால் தட்டல்கள் கூடின, நின்றால் அடங்கின. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வரைபடத்தை மச்சான் முன்னால் வீசி, “இப்ப என்ன சொல்றே?” என்றார்.

மச்சான் அசரவில்லை. “உலை ஓடினா அதுக்குத் தண்ணி அனுப்புற பக்கத்து அறைப் பம்பும் ஓடுது மாமா. அதை நிறுத்திட்டு, கட்டடத்துக் கடைசியில தள்ளி இருக்கிற மாத்துப் பம்பை ஓட்டிப் பாப்போம்.”

“என்னைக் கவுக்கணும்னே பொறந்திருக்கே.”

ஓட்டிப் பார்த்தார்கள். உலை முழு வேகத்தில் ஓடியது. கூடுதல் தட்டல்களை மட்டும் காணோம். பழைய பம்பின் அதிர்வுதான் படிகத்தை உலுக்கி, நியூட்ரினோவாக வேஷம் கட்டியிருந்தது.

மச்சான் மேடைக்கு அடியில் டார்ச் அடித்தான். “அதிர்வு ஏறக்கூடாதுன்னுதானே ரப்பர் வெச்சேன். எங்கே மாமா அது?”

சிடுமூஞ்சி நாற்காலியை விட்டு எழவில்லை. வெளிச்சம் தரையோடு நகர்ந்து அவர் பக்கம் வந்தது. கிறீச்சிடாமல் இருக்க அந்த நாற்காலியின் நான்கு கால்களுக்கும் அவர் முட்டுக் கொடுத்திருந்த ரப்பரின் மேல் நின்றது.

“எழுந்திருங்க” என்றான். மாமா என்று சேர்க்கவில்லை.