ஏழாம் வளைவில் விரியாத கொடி

ஒரு மஞ்சள் கொடியின் விலை நூற்றெண்பது. அந்த நூற்றெண்பதை நான் ஒரு பெண்ணுக்குத் திருப்பித் தர வேண்டியிருந்தது. நான்கு வருஷம் தரவில்லை.

கையில் இல்லாமல் அல்ல. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். வாடகை மெஷினில் கால் வைத்து, இன்று ஆறு மெஷின் ஓடும் கடைக்கு முதலாளி. கூடாரம், குடை, லாரித் தார்ப்பாய், கட்டட உச்சியில் பறக்கிற கொடி என்று எது கேட்டாலும் தைப்பேன். ஆளை நேரே பார்த்தால் போதும், இடுப்பு எத்தனை அங்குலம் என்று டேப் வைக்காமல் சொல்வேன். கூரையே பறந்துபோன புயலிலும் என் கொடியில் ஒரு நூல் பிரியவில்லை. நூற்றெண்பது எனக்கு டீக்காசு. ஆனாலும் தரவில்லை. ஏன் என்பதைச் சொல்ல அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வாரத்தில் ஆறு நாள் அவள் லாரி எடைமேடையில் சீட்டு எழுதுகிறவள். ஜன்னல் வைத்த சின்ன அறை, ஒரு நாற்காலி, எண்கள் ஓடும் ஒரு பெட்டி. டிரைவர்கள் தலையை நீட்டி, "அக்கா, எடையைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க" என்பார்கள். "நீ வண்டிய விட்டு இறங்கு, தானா குறையும்" என்பாள். சிரிக்க மாட்டாள், அவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே இருக்கிற பந்தயத் தடத்துக்குப் போய்விடுவாள். மோட்டார் சைக்கிள் பந்தயம். தடத்தின் ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் கொடியோடு நிற்க வேண்டும். வளைவுக்கு அந்தப் பக்கம் யாராவது விழுந்து கிடந்தால், பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. மஞ்சள் கொடி ஆடினால்தான் அவன் வேகத்தைக் குறைப்பான். கொடி காட்டுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஒரு தொப்பி, ஒரு சாப்பாட்டுப் பொட்டலம். கொடிக்குக்கூட அவரவர் கைக்காசு. அவள் நின்றது ஏழாம் வளைவு. அதனால் தடத்தில் அவள் பெயரே 'ஏழு'.

அந்தக் கொடிகளைத் தைத்தவன் நான். கொடிக்காரர்களுக்கெல்லாம் தலைவராக இருந்தவரை 'விசில்' என்பார்கள். கழுத்தில் எப்போதும் ஒன்று தொங்கும். கொடி எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிய தாளோடு அவர்தான் கடைக்கு வந்தார். எனக்குப் படிப்பு ஓடாது என்று தெரிந்து அவரே வாசித்தார்.

"துணி லேசா இருக்கணும்னு போட்டிருக்கு, மாஸ்டர்."

"லேசுன்னா ரெண்டே மாசத்துல நார் நாராத் தொங்கும். என் கடைச் சரக்கு அப்படித் தொங்கக் கூடாது."

"சரி, நீங்க பாத்துப் பண்ணுங்க."

பார்த்துத்தான் பண்ணினேன். தடித்த பருத்தி, இரட்டை மடிப்பு, ஓரத்துக்குள் கயிறு, மரக்கம்போடு சேர்த்து ஆணி. கம்பத்தில் கட்டும் கொடி அப்படித்தான் இருக்க வேண்டும். கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும். அதுதான் என் தொழில் முத்திரை. கம்பத்துக் கொடியைக் காற்று விரிக்கும், கைக்கொடியைக் கை விரிக்க வேண்டும் என்ற வித்தியாசம் எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றவில்லை என்று சொல்வதும் பாதிப் பொய். லேசாக வேண்டும் என்று காதில் விழுந்ததே.

அந்த வருஷத்து மழையில் ஒரு ஞாயிறு. காலை பதினொன்று நாற்பது. ஏழாம் வளைவில் ஒரு வண்டி சறுக்கி விழுந்தது. ஓட்டியவன் எழுந்து ஓரமாக ஓடிவிட்டான். வண்டி தடத்தின் நடுவில் கிடந்தது. அவள் அக்குளில் சுருட்டி வைத்திருந்த கொடியை எடுத்து உதறினாள். நனைந்த துணி கம்போடு கட்டிக்கொண்டு கிடந்தது. மறுபடி உதறினாள். மூன்றாவது உதறலில்தான் மஞ்சள் தெரிந்தது. அதற்குள் பதினெட்டு வந்துவிட்டான்.

பதினெட்டு அவன் வண்டியின் எண். வயது இருபத்துமூன்று. முழு வேகத்தில் வந்து, கிடந்த வண்டியின் மேல் ஏறினான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

புதன்கிழமை அவள் கடைக்கு வந்தாள். கொடியை மேஜைமேல் வைத்தாள்.

"மாஸ்டர், இது நீங்க தச்சதா?"

"வேற யார் இப்படித் தைப்பாங்க? இழுத்துப் பாரு தங்கச்சி, ஒரு நூல் பிரிஞ்சிருக்கா?"

"பிரியல. விரியவும் இல்ல." அவள் குரலை உயர்த்தவில்லை. "காய்கறிக்காரர் தராசுல வச்சுப் பாத்தேன். காஞ்சப்ப அறுநூறு கிராம். நனைஞ்சப்ப ஆயிரத்து நூறு."

"அதுக்கு?"

"விசாரணைத் தாள்ல, கொடி காட்டினவங்க கை தாமதம்னு எழுதிட்டாங்க. என்னைத் தடத்துப் பக்கம் வரவேண்டாம்னுட்டாங்க. நீங்க வாயால எதுவும் சொல்ல வேண்டாம். கொடிக்காசைத் திருப்பிக் குடுங்க. தச்சவரே கொடி சரியில்லன்னு ஒத்துக்கிட்டாருன்னு நினைச்சுக்கறேன். இல்லன்னா என் கைதான்னு நானே நம்பிடுவேன்."

ஆறு மெஷினும் நின்றுவிட்டன. என் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பது வருஷத்தில் இந்தக் கல்லாவிலிருந்து ஒரு சல்லிக்காசு திரும்பிப் போனதில்லை. நான் சொன்னேன்:

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

அவள் "இது உங்க பொருள்" என்று கொடியை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த மழை ஒரு மத்தியானம் பெய்தது. வீட்டுக்குப் பின்னால் போய், அந்தக் கொடியைச் சுருட்டி நனைய விட்டு உதறினேன். லாரித் தார்ப்பாயை ஒற்றைக் கையால் உதறுகிறவன் நான். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் விரிந்தது.

மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள். "என்னங்க, மழையில யாருக்குக் கொடி காட்டறீங்க?"

"துணியைச் சோதிக்கிறேன்."

"பாஸா, ஃபெயிலா?"

துணியைக் காய வைத்து, பழைய பேப்பரில் சுற்றி, அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன். அன்றிலிருந்து மழை வந்தால் அந்தத் தட்டிலிருந்து சொட்டுச் சத்தம் கேட்கும். திறந்து பார்த்தால் எலும்பு போலக் காய்ந்திருக்கும். தெருவில் மோட்டார் சைக்கிள் போனால் என் வாய் தானாக எண்ணும்: ஒன்று, இரண்டு. மூன்று சொல்வதற்குள் காதைப் பொத்திக்கொள்வேன். "உங்களுக்கு வயசாகுது" என்றாள் மனைவி. ஆகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து அவள் மறுபடி கடைக்கு வந்தாள். பழசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"மெல்லிசுத் துணி ஓடற மெஷின் உங்ககிட்டதான் இருக்கு. மணிக்கு என்ன வாடகை?"

"இருபது."

வாங்கினேன். வெட்கமில்லாமல் சனிக்கிழமைதோறும் வாங்கினேன்.

மூலை மெஷினில் உட்கார்ந்து அவள் தானே கொடி செய்ய ஆரம்பித்தாள். குடைக்குப் போடும் மெல்லிய நைலான், மஞ்சளிலும் சிவப்பிலும். கம்புக்கு, வீட்டில் ஒயர் ஓட்டுகிற பிளாஸ்டிக் குழாய். உள்ளே தண்ணீர் ஏறாமல் இரு முனையிலும் கார்க். ஓரத்தை மடித்துத் தைப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். ரேடியோக்காரன் ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கம்பியை எடுத்து, அளவுச்சட்டத்தை ஒட்டி இழுத்தாள். துணி வெட்டுப்படும்போதே ஓரம் உருகி உறைந்தது. ஓரத்தில் நூலே இல்லை.

ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். "மடிக்காத ஓரமா? அம்மணமா நிக்கற மாதிரி இருக்கு தங்கச்சி."

"மடிச்சா அந்த மடிப்புல தண்ணி நிக்கும், மாஸ்டர். எனக்கு மானத்த விட எடை முக்கியம்."

தராசில் வைத்தாள். கம்போடு சேர்த்துத் தொண்ணூறு கிராம். வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து உதறினாள். துணி கம்பைச் சுற்றிக்கொண்டது. எடை குறைந்தும் அதே பேய்.

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கம்பு நுழைகிற உறையை அவள் இறுக்கமாகத் தைத்திருந்தாள், என் கொடியைப் பார்த்து. உறை தளர்வாக இருந்து, மேலும் கீழும் ஒரு தடுப்பு இருந்தால், கம்பு சுழலும்போது துணி கூடச் சுருளாமல் தனியே திரும்பிக்கொள்ளும். குடைக்காரனுக்கு இது பால பாடம். ஆனால் சொன்னால், என் கொடியை ஆணியடித்து இறுக்கியதும் தப்பு என்றாகிவிடுமே. இரண்டு சனிக்கிழமை வாயைத் திறக்கவில்லை. அவள் பிரித்துப் பிரித்துத் தைத்தாள். வாடகை மட்டும் ஏறியது.

அந்த நாட்களில் ஒருமுறை கேட்டேன், "அந்தப் பையன் கண்ணு முன்னாடி வரானா?"

"கண்ணு முன்னாடி வரமாட்டான். காதுல வருவான்" என்றாள். "எடைமேடையில லாரி ஏறும்போதெல்லாம் பின்னாடி ஒரு வண்டி வர்ற சத்தம். கை தானா தூக்கிக்கும். டிரைவருங்க டாட்டா காட்டறேன்னு நினைச்சுக்கறாங்க."

மூன்றாம் சனிக்கிழமை என்னையறியாமல் வந்துவிட்டது: "உறையை லூசா விடு. மேலயும் கீழயும் ஒரு வளையம் போடு."

அவள் மிதியை நிறுத்தினாள். "உங்களுக்குத் தெரியுமா இது?"

"தொழில்காரனுக்குத் தெரியாதா?"

எப்போதிலிருந்து தெரியும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வளையம் போட்ட கொடி ஒரே உதறலில் விரிந்தது. நான் 'ஒன்று' என்று வாயைக் குவிப்பதற்குள். அதன் பிறகும் அவள் விடவில்லை. இன்னும் இரண்டு வருஷம், பத்துக் கிராம் இங்கே, ஐந்து கிராம் அங்கே என்று குறைத்துக்கொண்டே இருந்தாள்.

நான்காம் வருஷம் தடத்தில் ஆள் பஞ்சம். விசில் அவளைக் கூப்பிட்டனுப்பினார்: ஒரு ஞாயிறு நின்று பார்க்கட்டும், மறுபடி கை தாமதித்தால் ஆயுசுக்கும் கிடையாது. கடைசி வாடகையைக் கொடுக்கும்போது என்னிடம் சொன்னாள். வெளியே மேகம் கறுத்திருந்தது.

அந்த ஞாயிறு, அலமாரியின் அடித்தட்டைத் திறந்து பேப்பர் சுற்றிய கொடியைப் பையில் போட்டேன். கல்லாவைத் திறந்தேன். மனைவி கேட்டாள், "எங்க கிளம்பிட்டீங்க?"

"ஃபெயில்" என்றேன். அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, குடையை எடுத்துக் கொடுத்தாள்.

ஏழாம் வளைவு என்பது அடுக்கிய பழைய டயர்கள், மணல் மூட்டை, ஒரு ஆள் நிற்கிற மேடை, அவ்வளவுதான். மழை ஊசி ஊசியாகப் பெய்தது. நான் வேலிக்குப் பின்னால் நின்றேன். பந்தயத்தில் ஒருவன் அதே இடத்தில் சறுக்கினான். வண்டி நடுத்தடத்தில். என் வாய் எண்ணத் தயாரானது.

எண்ணவே முடியவில்லை. மஞ்சள் அதற்குள் காற்றில் இருந்தது. பின்னால் வந்த ஐந்து பேரும் சட்டென்று வேகத்தைக் குறைத்து, வரிசையாக ஒதுங்கிப் போனார்கள். விழுந்தவன் சேற்றைத் துடைத்துக்கொண்டு அவளுக்கு ஒரு கும்பிடு போட்டான். பக்கத்தில் நின்ற விசில் தலையசைத்தார்.

பந்தயம் முடிந்து தடம் காலியானது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்து, மேடையின் ஓரத்துக்கு வந்து, யாருமே வராத வளைவைப் பார்த்து ஒரே உதறலில் விரித்தாள். ஆட்டினாள். விசில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மணி பதினொன்று நாற்பது.

ஒரு வண்டி வரும் சத்தம் எனக்குக் கேட்டது. அது வேகம் குறைவதும் கேட்டது. கிழவன் காது என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். ஊசி விழுந்தால் எந்த மெஷினுக்கு அடியில் என்று சொல்கிற காது இது.

வேலியைத் தாண்டிப் போனேன். மேடைக்குக் கீழே மழைத்தண்ணீர் நிறைந்த ஒரு வாளி. பேப்பரைப் பிரித்து, பழைய கொடியைச் சுருட்டி முக்கி, விசிலின் கையில் கொடுத்தேன்.

"உதறுங்க."

"என்ன மாஸ்டர் இது?"

"உதறிட்டுப் பேசுங்க."

ஒன்று. இரண்டு. மூன்று. மஞ்சள் தண்ணீரைச் சொட்டிக்கொண்டு விரிந்தது.

"லேசாத் தைக்கச் சொன்னது நீங்க. கனமாத் தச்சது நான். இந்தம்மா கையில தாமதம் இல்ல. எனக்கு நாலு வருஷமாத் தெரியும்."

விசில் கொடியைத் தாழ்த்தினார். "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா..."

"சொல்லல."

"தாள்ல எழுதினதை இனி மாத்த முடியுமான்னு தெரியல."

"எனக்குத் தாள் வேண்டாம்" என்றாள் ஏழு. கொடியை இடக்கைக்கு மாற்றினாள். வலது உள்ளங்கையை என் முன் நீட்டினாள்.

அவள் கொடுத்த வாடகையையும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தேன். கட்டைப் பார்த்து வேண்டாமென்று தலையாட்டினாள். "அது மெஷின் ஓடினதுக்கு, மாஸ்டர். கொடிக்காசு மட்டும்."

மழை அவள் கையில் விழுந்துகொண்டிருந்தது. மூன்றாம் வகுப்போடு நின்றாலும் கணக்கில் நான் தடுமாறியதில்லை. அன்று மட்டும் சத்தமாக எண்ண வேண்டியிருந்தது. நூறு. ஐம்பது. இருபது. பத்து.