வாப்பாவும் என் துணைப்பாடமும்

பல்கலைக்கழகத்தில் கணிதம்தான் என் பிரதான பாடம். துணைப்பாடமாக இரசாயனவியலை எடுத்ததற்குக் காரணம், அந்த வகுப்பு முடிந்ததும் கல்முனை பஸ்ஸைப் பிடித்து நேரத்தோடு வீடு வரலாம் என்பதுதான். வாப்பாவுக்கு அப்போது சிறுநீரகங்கள் பழுதாகி, டயலிசிஸ் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு அவரோடு நான்தான் போவேன்.

ஒருநாள் இரசாயனவியல் விரிவுரையாளர் பலகையில் ஒரு மென்சவ்வை வரைந்து, சிறிய துணிக்கைகள் மட்டும் அதைக் கடந்து போவதை விளக்கினார். வாப்பாவின் இரத்தம் ஓடும் குழாய் என் கண்முன் வந்தது. எல்லாரும் குறிப்பெடுத்தார்கள், எனக்குக் கை ஓடவில்லை.

அடுத்த முறை மிஷினுக்குப் பக்கத்தில் இருந்து அதை வாப்பாவுக்கு விளங்கப்படுத்தினேன். கவனமாகக் கேட்டார்.

"அப்ப இது ஊத்தைய அரிக்கிற வேல மட்டுந்தான். கிட்னி திரும்ப வேல செய்யாதா மகள்?"

டொக்டர்களிடம் அவர் ஒருபோதும் கேட்காத கேள்வி அது.

"செய்யாது வாப்பா," என்றேன்.

"ஓம், எனக்கும் அப்பிடித்தான் விளங்கின. உம்மாக்கிட்ட இதக் கதைக்காத," என்று குழாய் பொருத்தாத கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பரீட்சைக்கு முன்னமே வாப்பா மௌத்தாகிவிட்டார். வினாத்தாளில் அந்த மென்சவ்வைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். அழுதுகொண்டே எழுதினேன்.

பெறுபேறு வந்தபோது, கணிதத்தைவிட இரசாயனவியலில்தான் எனக்கு நல்ல புள்ளி. உம்மா சந்தோசப்பட்டு, அயல்வீடுகளுக்கெல்லாம் சொன்னார். அடுத்த வருடம் அந்தப் பாடத்தை நான் எடுக்கவில்லை.