குண்டுமணிக் காப்பு

என் ஓரகத்தியைக் கண்டாலே எனக்கு ஆகாது. இதைச் சொல்ல வெட்கமில்லை, வயிற்றெரிச்சல்தான். சுங்கை பினாங் அடுக்குமாடியில் ஒரே வீட்டில் இருந்தோம். நான் பெற்ற ஐந்து வயது மகள் தூங்கி எழுந்ததும் அவளைத்தான் தேடுவாள்.

அந்த வருடம் விநாயகர் சதுர்த்திக்கு அவள் களிமண்ணில் பிள்ளையார் பிடித்தாள். நிபோங் திபாலில் அவள் அம்மா வீட்டு வேலியில் தானாகப் படர்ந்த காட்டுக்கொடியில் குண்டுமணி பறித்துவந்து கண்ணாகப் பதித்தாள். மாமியாருக்கு வாயெல்லாம் பல். நான் மூன்று வருடம் கடையில் வாங்கி வைத்த பிள்ளையாரை ஒருவரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

மிச்ச மணிகளை ஊசியால் துளைத்துக் கோத்து, கண் படக்கூடாதென்று என் மகளின் கையில் காப்பாகக் கட்டிவிட்டாள். யார் கண்ணாம்?

மறுநாள் காலை பட்டர்வொர்த்துக்கு வேலைக்குப் போகையில் ஃபெர்ரியில் கைப்பேசியைத் தட்டினேன். குறை கண்டுபிடிக்கத்தான். முழு மணியை விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடுமாம். துளைத்ததோ மென்றதோ என்றால் கொடிய விஷமாம், ஒன்றே குழந்தையின் உயிரை எடுத்துவிடுமாம். பகீரென்றது. அப்போதே வீட்டுக்கு ஃபோன் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. சாயங்காலம் பிள்ளையாரைக் கரைக்கச் சொந்தக்காரர்கள் வருவார்கள், அத்தனை பேர் முன்னால் சொன்னால் நன்றாக மூக்குடைபடுவாள் என்று வைத்துக்கொண்டேன்.

மத்தியானமே அவள் கூப்பிட்டாள். பிள்ளை விடாமல் வாந்தி எடுக்கிறாளாம். காப்பில் ஒரு மணி கடிபட்டுப் பாதிதான் இருக்கிறதாம்.

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். இதற்கு மாற்று மருந்தே கிடையாது, உடம்பு தாங்கினால்தான் உண்டு என்றார் டாக்டர். எப்படியோ பிழைத்தாள்.

அதற்குள் மாமியார், கொழுந்தன், என் வீட்டுக்காரர் எல்லாரும் ஓரகத்தியைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். நான் ஆசைப்பட்ட மாதிரியே நடந்தது. நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப்போகிற அன்று அவள் வார்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"தெரிஞ்சிருந்தா கட்டுவேனாக்கா? எல்லாரும் ஏசுனாங்க. நீங்க மட்டும்தான் என்னை ஒரு வார்த்தை சொல்லல."

எனக்குக் காலையிலேயே தெரியும் என்று இன்றுவரை அவளிடம் நான் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் என்மேல் உயிரையே வைத்திருக்கிறாள்.