பத்தாவது ஆள்

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் நான் பேருந்து ஓட்டத் தொடங்கிய நாளிலேயே என் நண்பனும் வேலைக்குச் சேர்ந்தான். சிறு வயதில் பெற்றோரோடு உக்ரைனிலிருந்து வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. என்னைவிடச் சில வயது இளையவன். நாங்கள் பேசியதெல்லாம் ஜெர்மனில்தான். ஆனாலும் இத்தனை வருடப் பழக்கத்தில் அவன் பேச்சு என் நினைவில் இலங்கையில் எங்கள் ஊரான மன்னாரின் தமிழாகவே பதிந்துவிட்டது.

ஓய்வறையில் ஒருநாள் என் பணப்பையில் இருந்த மடு மாதா படத்தைப் பார்த்துவிட்டு, "இதுதான் உன்ரை கடவுளோ?" என்று கேட்டான்.

"இல்லை, அவரின்ரை தாய்."

"எங்களுக்குப் படமே இல்லை. கடவுளுக்கு உருவம் இல்லை எண்டுதான் எங்கடை முதல் பாடம்."

"அப்ப செபம் சொல்லேக்கை எதைப் பாக்கிறது?"

"பாக்கிறேல்லை. கேக்கிறது. எங்கடை பெரிய செபமே 'கேள்' எண்டுதான் தொடங்கும். கடவுள் எங்கடையவர், அவர் ஒருவர்தான். அவ்வளவுதான் செபம்."

அந்தச் செபத்தை அப்பாதான் தனக்குச் சொல்லித் தந்தார் என்றான். சோவியத் காலத்தில் ரயில் பெட்டிகளுக்கு வெல்டிங் செய்த மனிதர். கடவுளைப் பற்றிப் பேசினால் வேலை போய்விடும் என்று, போர்வைக்குள் தலையை விட்டு மகனின் காதில் சொல்லியிருக்கிறார். வேறு எந்தச் செபமும் அவருக்கே தெரியாதாம்.

"நாங்களும் ஒரே கடவுள் எண்டுதான் சொல்லுறம்" என்றேன்.

"ஓம், பிறகு பிதா, சுதன், ஆவி மூண்டு ஆள் எண்டும் சொல்லுவியள்" என்று சிரித்தான். அடுத்த வண்டிக்கு நேரமாகியிருந்தது. எழுந்து போனோம்.

போன கோடை விடுமுறைக் காலத்தில் அவனுடைய அப்பா இறந்துபோனார். அடக்கம் முடிந்து ஒரு வாரம் குடும்பத்தார் வெளியே போகாமல் வீட்டில் இருப்பார்கள், போய்ப் பார்க்கலாம் என்று வேலையிடத்தில் சொன்னார்கள். மனைவி சோறும் கறியும் சமைத்துக் கொண்டுபோக ஆயத்தமானாள். அவர்களுக்கென்று உணவு விதிகள் உண்டு, நாங்கள் சமைத்தது அங்கே சரிவராது என்று சொல்லித் தடுத்தேன்.

"செத்த வீட்டுக்கு வெறுங்கையோடையோ போறது?" என்றாள்.

கடைசியில் பழங்கள் வாங்கிக்கொண்டு போனோம்.

கதவு பூட்டாமல் திறந்திருந்தது. கண்ணாடியை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். அவன் சட்டையின் மார்புப் பக்கம் கிழிந்திருக்க, கால் குட்டையான ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். எழுந்து வரவேற்கவில்லை. இதெல்லாம் அவர்களுடைய துக்க வழக்கம் என்று பிறகு தெரிந்தது. மனைவி அவனுடைய அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இருவருக்கும் பொதுவான மொழி என்று எதுவும் இல்லை.

மாலைச் செபத்துக்காக ஆண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அதை நடத்த வந்திருந்தவர் ஒரு பல் வைத்தியர். அவர் தலைகளை எண்ணினார். மனிதரை நேராக எண்ணக்கூடாது என்பதால் "ஒண்டில்லை, ரெண்டில்லை" என்று எண்ணிக்கொண்டு போய், "ஒன்பதில்லை" என்று நிறுத்தினார். இறந்தவருக்காக மகன் சொல்ல வேண்டிய செபத்தைப் பத்து ஆண்கள் கூடாமல் சொல்ல முடியாது. பலர் விடுமுறைக்கு ஊர்விட்டுப் போயிருந்தார்கள்.

"நான் நிக்கலாமோ?" என்று கேட்டேன்.

"நீங்கள் தாராளமாய் நிக்கலாம். ஆனால் யூதர் இல்லாதவையைக் கணக்கிலை சேர்க்க ஏலாது. குறை நினையாதேங்கோ" என்றார் பல் வைத்தியர்.

நான் குறை நினைக்கவில்லை. ஞானஸ்நானம் பெறாதவருக்கு எங்கள் பூசையில் நற்கருணை கொடுப்பதில்லை. அதுபோல என்று எடுத்துக்கொண்டேன்.

யூதரான ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் கொஞ்சத் தூரத்தில் இருக்கிறார், ஆனால் தொலைபேசியில் கேட்டபோது வைத்துவிட்டார் என்றார்கள். அங்கிருந்த பாதிப் பேரோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. என்னோடு அவருக்குச் சண்டை ஏதும் இல்லையே என்று முகவரியை வாங்கிக்கொண்டு காரில் போனேன்.

கதவைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் கடவுளை நம்பிறேல்லை எண்டு அவை சொல்லேல்லையோ?"

"சொன்னவை."

"பிறகேன் வந்தனீங்கள்?"

"ஒரு ஆள் குறையுதாம்."

உள்ளே போனார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்.

காரில் கேட்டார்: "நீங்கள் நம்பிறனீங்களோ?"

"ஓம்."

"உங்கடை நாட்டிலை நடந்த எல்லாத்துக்கும் பிறகுமோ?"

"ஓம்."

"என்ரை அம்மாவின்ரை ஆக்கள் முழுப்பேரையும் நாஜியள் ஒரே பள்ளத்திலை வைச்சுச் சுட்டவங்கள். அவையெல்லாம் காலமையும் பின்னேரமும் செபம் சொன்ன ஆக்கள்."

வீட்டருகே வந்துவிட்டோம். கார் நிறுத்த இடம் தேடுவதில் இருவரும் மும்முரமானோம்.

அவர் உள்ளே வந்ததும் யாரும் எதுவும் கேட்கவில்லை. இடம் விட்டார்கள். அவ்வளவுதான். நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டேன். நண்பன் எழுந்து, செபத்தின் ஒலியை ரஷ்ய எழுத்தில் எழுதியிருந்த ஒரு தாளைப் பார்த்துத் தட்டுத்தடுமாறிப் படித்தான். மற்றவர்கள் ஆமென் சொன்ன இடங்களில் ஆசிரியர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கடைசிவரை நிமிர்ந்து நின்றார்.

முடிந்த பிறகு அதன் பொருளைப் பல் வைத்தியரிடம் கேட்டேன்.

"அதிலை செத்தவரின்ரை பேர் வராது. சாவு எண்ட சொல்லும் வராது. கடவுளின்ரை பேர் பெரிசு, அது புகழப்படோணும் எண்டு மட்டும்தான் வரும்."

"அப்ப அது எப்பிடிச் செத்தவருக்கான செபம்?"

"அப்பா செத்த கிழமையிலைதான் ஒரு மகனுக்குக் கடவுளிலை கோபம் வரும். அந்தக் கிழமையிலை அவன் ஆக்களுக்கு முன்னாலை எழும்பி அதைச் சொல்லோணும். தனிய இருந்து சொல்ல ஏலாது. அதுக்குத்தான் பத்துப் பேர்."

எங்கள் வழக்கம் வேறு. போரில் காணாமல் போன என் அண்ணாவுக்காக வருடந்தோறும் பூசை ஒப்புக்கொடுக்கிறோம். சுவாமியார் அவர் பெயரை வாசிக்கும் அந்த ஒரு கணத்துக்காகவே நான் போவேன். பெயரே இல்லாத ஒரு செபம் எப்படி ஒருவரைத் தாங்கும் என்று வீடு திரும்பும்போது யோசித்தேன். மனைவியோ அந்த அம்மாவின் கை எவ்வளவு குளிர்ந்திருந்தது என்பதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

அந்த வாரத்தின் மற்ற நாட்களில் ஆசிரியர் யாரும் அழைக்காமலே வந்தாராம்.

நண்பன் வேலைக்குத் திரும்பியதும் ஒரு உதவி கேட்டான். பதினொரு மாதம் அந்தச் செபத்தைத் தொழுகைக்கூடத்தில் சொல்ல வேண்டும், பின்னேர வண்டிகளைச் சில நாள் மாற்றிக்கொள்ள முடியுமா என்றான். மாற்றிக்கொண்டோம். அவர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமைகளிலும் அவனுக்காக நான் ஓட்டினேன். அவன் ஞாயிறு காலைகளை எடுத்துக்கொண்டதால் எனக்குப் பூசை தவறவில்லை.

குளிர்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள் கேட்டேன்: "சொல்லிச் சொல்லி இப்ப நம்பிக்கை கூடியிருக்கோ?"

தேநீரை ஊதிக் குடித்துவிட்டுத்தான் பதில் சொன்னான்.

"சில நாள் நம்பிச் சொல்லுறன். சில நாள் சொல்லுறன், அவ்வளவுதான். அந்த வாத்தியார் இப்பவும் பின்வரிசையிலை வந்து நிக்கிறார். அவர் வாய் திறக்கிறேல்லை. ஆனால் அவர் வராத நாளிலை எனக்கு அது செபம் மாதிரியே இருக்கிறேல்லை."