சல்லடை வைத்த கிராமபோன் குழல்

என் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு கிராமபோன் குழல் தொங்குகிறது. கிராமபோன் கிடையாது, குழல் மட்டும்தான். பூவரசம்பூ மாதிரி வாய் விரிந்த பித்தளைக் குழல். பின்பக்கத்து மெல்லிய பாகம் ரம்பத்தால் அறுக்கப்பட்டிருக்கிறது. முன்பக்கம், பாட்டு வெளியே வர வேண்டிய வாயில், ஒரு கம்பிச் சல்லடையை வைத்துச் சுற்றிலும் ஈயத்தால் பற்றவைத்திருக்கிறார்கள். பார்க்கிறவர்கள் கேட்காமல் போவதில்லை. "பாட்டை வடிகட்டித்தான் கேட்பீங்களோ?" என்றார் ஒருவர். பழைய சாமான் வாங்கி விற்கும் இன்னொருவர், சல்லடையைப் பெயர்த்து எடுத்துவிட்டால் நல்ல விலைக்குப் போகும் என்று யோசனை சொன்னார். அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். குழலை வேண்டுமானால் கொடுத்தாலும் கொடுப்பேன், சல்லடையைக் கொடுக்க மாட்டேன்.

அந்தக் குழல் தூத்துக்குடியிலிருந்து அக்காவின் கல்யாணச் சீரோடு ராயபுரத்துக்கு வந்தது. அப்பா ஆசையாக வாங்கிக் கொடுத்த கிராமபோன் அது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் எனக்குத் திருவொற்றியூரில் ஆசிரியை வேலை கிடைத்து, நானும் அக்கா வீட்டோடு வந்து தங்கினேன். சாயங்காலம் விளக்கேற்றியதும் அக்கா அதில் ஓர் இசைத்தட்டு வைப்பாள். துறைமுகத்துச் சங்கும், கூட்ஸ் வண்டிச் சத்தமும், அந்தப் பாட்டும் சேர்ந்து வருவதுதான் எனக்கு ராயபுரம். அத்தான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல்களுக்குக் கயிறு, கித்தான் துணி, பெயிண்ட் விற்கும் கடை வைத்திருந்தார். அவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர், வாயைத் திறந்தால் 'இன்னா' 'கீது'தான். தூத்துக்குடிக்காரியான அக்காவுக்கு அதைக் கேட்டுச் சிரிப்பதே ஒரு பொழுதுபோக்கு.

அத்தானிடம் ஒரு கார் இருந்தது. ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரர் விட்டுச் சென்ற, இரண்டே பேர் உட்காரக்கூடிய பந்தயக் கார். அதன் மூக்கில் சூப்பர்சார்ஜர் என்ற ஒன்று இருந்தது. கொல்லன் துருத்தி போல எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற யந்திரம் என்று அத்தான் எனக்கு விளக்கினார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் அந்தக் காரின் அடியில்தான் கிடப்பார். அக்கா அதற்கு வைத்த பெயர் 'சக்களத்தி'. "சக்களத்தி சாப்பிட்டாளா? அப்ப நீங்களும் வந்து சாப்பிடுங்க" என்று கூப்பிடுவாள்.

செங்குன்றத்துக்கு அப்பால், யுத்த காலத்தில் போட்டு அப்படியே கைவிட்ட விமானத் தளத்தில் ஆண்டுதோறும் கார்ப் பந்தயம் நடக்கும். ஒரு வருஷம் அத்தானின் கார் பாதி ஓட்டத்திலேயே மூச்சு முட்டி நின்றுவிட்டது. காரணம் காற்று. எஞ்சினுக்குப் போகிற காற்று, கொதிக்கிற பானெட்டுக்குள்ளேயே இருந்த ஒரு சின்னத் தகர டப்பா வழியாகப் போய்க்கொண்டிருந்தது. சூடான காற்று, அதுவும் கொஞ்சம்தான். துருத்தி எவ்வளவு பெரிதாக இருந்து என்ன செய்ய? சீமையிலிருந்து புதிய காற்றுக் குழாய் வரவழைப்பதென்றால் கடையையே எழுதி வைக்க வேண்டும். அன்றைக்கு அவமானத்தோடு வீடு திரும்பிய அத்தான், அக்கா கேட்காமலேயே சாமி படத்தின் முன்னால் சத்தியம் செய்தார். "அடுத்த தபா ஜெயிக்காட்டி போவுது. கடைசி வரைக்கும் ஓடி முடிக்கலேன்னா வண்டிய வித்து கடைல போட்டுர்றேன்." அக்கா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வண்ணாரப்பேட்டையில் பட்டறை வைத்திருந்த பாய், அத்தானின் பள்ளிக்கூடத்துத் தோஸ்து. வெளியில் இருக்கிற குளிர்ந்த காற்றை நேராக எஞ்சினுக்குக் கொண்டுவர வேண்டும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது என்று இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். குழாய்க்குக் கடையிலேயே வழி கிடைத்தது. கப்பலின் அடித்தளத்துக்குக் காற்று இறக்குகிற கித்தான் குழாயில் ஒரு துண்டை வெட்டி மாட்டினார்கள். எஞ்சினைக் கிளப்பியதும் அது பட்டினி கிடந்த வயிறு மாதிரி ஒட்டிக்கொண்டது. பாய் சளைக்கவில்லை. உள்ளே கம்பிச் சுருள் வைத்து, மேலே கப்பல் வார்னிஷ் பூசி அதை விறைப்பாக்கினார். ஆனால் குழாயின் வாய்க்குத்தான் ஒன்றும் சரிப்படவில்லை. வெளியே அகலமாகவும் உள்ளே போகப்போக வழுவழுப்பாகக் குறுகியும் இருக்க வேண்டுமாம். எண்ணெய்ப் புனலையும் வாளியையும் வைத்துப் பார்த்து அலுத்து, இருவரும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கூடத்துக்குள் போய், கிராமபோன் குழலைக் கழற்றிக்கொண்டு வந்து பாயின் முன்னால் வைத்தாள்.

"வோணாம்மே. அறுத்தா அப்புறம் பாட்டு பாடாது" என்றார் அத்தான்.

"உங்க சக்களத்தி பாடட்டும். நான் கேட்டுக்கிறேன்" என்றாள் அக்கா. அப்பா கொடுத்த பொருள். பாய் ரம்பத்தை வைத்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் அசையாமல் நின்று பார்த்தாள்.

அறுத்த குழலைக் கித்தான் குழாயின் முனையில் பொருத்தி, வாய் வெளியே தெரியும்படி காரின் முன்பக்கம் மாட்டினார்கள். கார் நிஜமாகவே பாடிற்று. விடியற்காலையில் எண்ணூர் சாலையில் கடலோரமாக அத்தான் அதை விரட்டும்போது, சூப்பர்சார்ஜரின் ஊளை அந்தக் குழல் வழியாகப் பெருகி, வலை இழுக்கிறவர்களையெல்லாம் திரும்பிப் பார்க்க வைக்கும். நிலக்கரித் தூசிக்கும் கடல் மணலுக்கும் பயந்து, குழலின் வாயில் பாய் ஒரு சல்லடையைத் திருகாணி போட்டு மாட்டியிருந்தார்.

பந்தயத்தன்று அத்தான் அந்தச் சல்லடையைக் கழற்றச் சொன்னார். வாய் எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவு காற்று. பாய் கழற்றினார். வண்டி கிளம்பும் இடத்துக்குப் போய் நின்றதும் அக்கா வந்தாள். குழலின் உதட்டில் குங்குமம் வைத்தாள், தலையிலிருந்த மல்லிகையில் ஒரு துண்டு கிள்ளி அதன் வாயோரம் செருகினாள், கும்பிட்டுவிட்டு ஜனங்களோடு போய் நின்றுகொண்டாள். நான் பார்த்தேன், பாய் பார்த்தார், அத்தானும் பார்த்தார். மூன்று பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பூ வைக்காமல் வண்டியைக் கிளப்பியிருந்தால்தான் எங்களுக்கு ஏதோ குறையாகத் தெரிந்திருக்கும்.

கொடி விழுந்தது. கார் ஒரு பாய்ச்சல் பாய்ந்து, இருமி, குலுங்கி நின்றுவிட்டது. மற்ற கார்களெல்லாம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டன. சத்தியத்தின்படி வண்டி கைவிட்டுப் போயிற்று என்றே நினைத்தேன். பாயும் நானும் ஓடினோம். பாய் கித்தான் குழாயைப் பிடுங்கினார். காற்றும் பெட்ரோலும் கலக்கிற கார்புரேட்டரின் தொண்டையில் மல்லிகைச் சரம் சுருண்டு அடைத்துக்கொண்டிருந்தது.

"இன்னா நைனா, உன் வண்டி பூ துன்னுது!" என்று பாய் கத்தினார்.

அத்தான் தலையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்தார். அங்கே அக்கா கண்ணை மூடிக் கைகூப்பி நின்றிருந்தாள். "மெதுவா பேசு, பாய். அவகிட்ட யாரும் சொல்லக்கூடாது. மண்ணு அடைச்சிகினு இருந்துச்சி, அவ்ளோதான்" என்றார். என்னைப் பார்த்தும் ஒரு முறை முறைத்தார். பிறகு அந்தச் சரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

எல்லோருக்கும் கடைசியாகத்தான் வந்தார். ஆனால் ஓடி முடித்துவிட்டார். சத்தியம் அவ்வளவுதானே? வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அக்கா ஒரே பூரிப்பு. "நான் வச்ச பூதான் கொண்டாந்து சேத்துச்சு" என்றாள். பாய் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு இருமினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அத்தான் குழலின் வாயில் நெருக்கமான சல்லடை ஒன்றை வைத்து நிரந்தரமாகப் பற்றவைக்கச் சொன்னார். பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தினி பேஜார் பட்டதே காத்துக்குத்தான். இப்ப நாமளே அது வாய கட்டறதா? அண்ணிகிட்ட பூ வெக்காதன்னு ஒரு வார்த்த சொல்லேன்!"

"காத்து கொஞ்சம் கம்மியா வந்தா வரட்டும். அவ வெச்சிகினு போட்டும்" என்றார் அத்தான். அக்காவிடம் மணலுக்காக என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பந்தயத்துக்கும் அக்கா பூ வைத்தாள். கார் ஒருநாளும் முதலில் வரவில்லை, நடுவில் நின்றதும் இல்லை.

உதிரி பாகம் கிடைக்காமல் போன ஒரு நாளில் காரை விற்றார்கள். குழலை மட்டும் அத்தான் கழற்றி வைத்துக்கொண்டார். இப்போது அவரும் இல்லை, பாயும் இல்லை. அக்கா குழலோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல், கண் சரியாகத் தெரியாவிட்டாலும், சுவரைத் தடவிப்போய் அதற்குப் பூ வைப்பாள். போன வாரம் அப்படி வைத்துக்கொண்டிருந்தபோது, இனிமேலும் என்ன ரகசியம் என்று தோன்றி, அன்று நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது எனக்குத் தெரியாதாக்கும்? மறுநா அவர் சட்டையைத் துவைக்க எடுத்தா, பையில நான் வச்ச பூ கிடக்கு. ஒரே பெட்ரோல் நாத்தம்."

"தெரிஞ்சுமா அத்தனை வருஷம் பூ வச்சே?" என்றேன்.

"பின்னே? எனக்காகன்னு சொல்லாம, மணலுக்குன்னு சொல்லி சல்லடையைப் போட்டுட்டு வந்து நின்னாரு. நான் பூ வைக்கிறதை விட்டுட்டா அந்த மனுஷன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்?" என்றாள். பிறகு நழுவியிருந்த சரத்தைத் தடவிப் பிடித்து, சல்லடைக் கம்பியில் சரியாகச் செருகினாள்.