ஆமைத் துண்டு

இத்தாலியின் சியேனா நகரில் ஓரெஸ்தேவின் கடைக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. அவர் விற்பது ஊரிலுள்ள பதினேழு பேட்டைக்காரர்களும் தத்தம் சின்னத்தோடு கழுத்தில் கட்டிக்கொள்ளும் பட்டுத் துண்டுகள்; மனதார விற்பது பதினாறுதான். மிச்சமுள்ளது ஆமைப்பேட்டைத் துண்டு. அது கீழ்த்தட்டில், பீங்கான் கிண்ணங்களுக்குப் பின்னால், தூசி படிந்து கிடக்கும்.

ஓரெஸ்தே நத்தைப்பேட்டைக்காரர். நத்தைக்கும் ஆமைக்கும் ஏழாம் பொருத்தம். பேட்டைகளுக்கிடையே நடக்கும் குதிரைப் பந்தயத்தில் தங்கள் குதிரை தோற்றால்கூடப் பரவாயில்லை, ஆமை ஜெயிக்காவிட்டால் அன்றைக்கு விருந்துதான். பார்க்க என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் மனிதர் தேனாய்ப் பேசுவார். பேராலயத்தின் தரைச் சித்திரங்களைப் பார், மணிக்கூண்டில் ஏறு, வாதுமை கேக் வாங்கிப் போ என்பார். ஆமைப்பேட்டைத் தெரு மட்டும் அவர் சொல்லும் வழியில் வராது. அதைச் சுற்றிப் போனதில் எத்தனை பேருடைய முழங்கால் வீணாய்த் தேய்ந்ததோ, பாவம்.

அப்பேர்ப்பட்டவரின் ஒரே மகள் இலாரியா, ஆமைப்பேட்டைத் துச்சோவைக் கட்டிக்கொண்டாள். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நாம் சொல்வது அவர் காதுக்கு எட்டவில்லை. எட்டியிருந்தால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்.

பேரன் பிறந்தான். கோயிலில் ஞானஸ்நானம் ஆனாலும், பேட்டை ஊற்றின் தண்ணீர் தலையில் விழுந்து, பேட்டைத் துண்டு கழுத்தில் ஏறினால்தான் அந்த ஊரில் பிள்ளை யார் என்பது முடிவாகும். நத்தையா, ஆமையா? ஓரெஸ்தேவுக்குத் தூக்கம் போயிற்று.

ஒருநாள் இலாரியா குழந்தையோடு கடைக்கு வந்தாள்.

"அவர் விட்டுக்கொடுக்கறேங்கிறார்ப்பா. பிள்ளை நத்தையாவே இருக்கட்டுமாம். ஆனா ஒண்ணு."

"என்ன வேணும் மாப்பிள்ளைக்கு? கடையை எழுதிக் கொடுக்கணுமா?"

"ஒரே ஒரு ஆமைத் துண்டை, என் கண் முன்னாடி, சிரிச்ச முகத்தோட நீங்க விக்கணும். கழுத்துல கட்டியும் விடணும்."

"இவ்வளவுதானா," என்றார். கண் மட்டும் கீழ்த்தட்டுப் பக்கம் போகவில்லை.

மூலையில் கிண்ணம் துடைத்துக்கொண்டிருந்த மனைவி நோர்மா, "கட்டிக் கிழிச்சார்," என்று முனகினாள்.

கடவுளே அனுப்பியதுபோல அப்போது ஒரு நோர்வேக்கார அம்மாள் உள்ளே வந்தாள். அவள் கேட்டதும் மஞ்சளும் நீலமுமான ஆமைத் துண்டையேதான். ஓரெஸ்தே குனிந்து எடுத்தார். தூசி தட்டினார். பல்வலிக்காரன் மாதிரி ஒரு சிரிப்புக்கூடச் சிரித்தார். அம்மாள் கழுத்தை நீட்டினாள்.

"நல்ல துண்டுதானே?"

பேசாமல் கட்டியிருக்கலாம். விதி யாரை விட்டது.

"துவைச்சா சாயம் போயிடும்மா. நத்தை எடுத்துக்கோங்க, காலத்துக்கும் உழைக்கும்."

இலாரியா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "வரேம்ப்பா," என்று கிளம்பினாள். தவளை மட்டுமா தன் வாயால் கெடும்? நத்தையும் கெடும்.

"ஒரு முடிச்சு. அதைப் போட முடியாம பேரனைத் தாரை வாத்துட்டீங்க," என்றாள் நோர்மா. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

ஜூனில் ஆமைப்பேட்டைத் திருவிழா வந்தது; பேரன் தலையில் ஊற்று நீர் விழும் நாள். நோர்மா ஊற்றடிக்கே போய்விட்டாள். ஓரெஸ்தே தெருமுனைவரை வந்து, அதோடு நின்றுகொண்டார். பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் அவர் கால் பட்டதில்லை. பறை முழங்கியது, கூட்டம் கைதட்டியது. பிறகு குழந்தை அழ ஆரம்பித்தது. பறை ஓய்ந்தும் அழுகை ஓயவில்லை. யாரும் ஒன்றும் செய்வதாகத் தெரியவில்லை. ஓரெஸ்தே விறுவிறுவென்று தெருவுக்குள் நடந்தார்.

பேரன் இலாரியாவின் கையில், ஈரத் தலையோடு முகம் சிவந்து கதறிக்கொண்டிருந்தான். துண்டின் முடிச்சு தாடையை அழுத்திக்கொண்டிருந்தது.

"எவன் கட்டினான் இதை?"

"எங்க பேட்டைத் தலைவர், மாமா," என்றான் துச்சோ.

"அதான் பார்த்தாலே தெரியுதே."

ஓரெஸ்தே முடிச்சை அவிழ்த்தார். பட்டை உதறி, நீவி, இரண்டு விரல் நுழையும்படி தளர்த்திக் கட்டினார். குழந்தை விக்கலோடு அழுகையை நிறுத்தி அவர் மூக்கைப் பிடித்தது. அவர் சிரித்தார். இந்தத் தடவை பல்வலி இல்லை.

"துவைச்சா சாயம் போகும்னீங்களே," என்றாள் நோர்மா.

ஓரெஸ்தே துண்டின் நுனியை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார்.

"போகாது," என்றார். "நல்ல துண்டுதான்."