சுகர் கால்களுக்குக் கட்டுப் போடுகிறவள்

காலில் புண் வந்த அன்றைக்கே கட்டுப் போட வந்தவர் என்று என் பத்தொன்பது வருஷத்தில் ஒருவரைக்கூட என்னால் சொல்ல முடியாது. வலிக்காத புண்ணுக்கு யார்தான் அவசரப்படுவார்கள்? மேற்குத் தாம்பரத்தில் சின்னதாக ஒரு சர்க்கரை நோய் கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். டாக்டர் பார்த்து முடித்ததும் புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, கட்டுப் போட்டு அனுப்புவது என் வேலை. எனக்கும் ஆறு வருஷமாகச் சுகர் உண்டு. அதனால் இதை அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டோக்கன் கூப்பிடும் வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஷூவுக்குள் ஒரு சக்கரம்

தனசேகர் ஊரப்பாக்கத்துக்காரர். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் செக்யூரிட்டி வேலை. பன்னிரண்டு மணி நேரம் ஷூவோடு கேட்டில் நிற்க வேண்டும். "சாக்ஸ் ஈரமா இருந்திச்சு, தண்ணிய மிதிச்சிட்டேன்னு நெனச்சேன்" என்றபடி வந்தார். கழற்றினால் ரத்தம். ஷூவைக் கவிழ்த்துத் தட்டினேன். பேத்தியின் பொம்மைக் காரிலிருந்து கழன்ற பிளாஸ்டிக் சக்கரம் ஒன்று விழுந்து தரையில் உருண்டது. முந்தின நாள் காலையிலிருந்தே அதன்மேல்தான் நின்றிருக்கிறார்.

அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டேன். தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும். "எப்ப தொடுவீங்க சிஸ்டர்?" என்று அவர் கேட்டபோது நான் ஏழு இடம் தொட்டு முடித்திருந்தேன். சுகர் அவர் பாதத்தையே மரத்துப்போக வைத்திருந்தது. சுகர் மாத்திரையை எட்டு மாதமாக ஏன் போடவில்லை என்று டாக்டர் கேட்டார். தனசேகர் நிஜமாகவே புரியாமல்தான் பதில் சொன்னார்: "ஒரு வலியும் இல்ல சார். வலி இல்லைன்னா உடம்பு நல்லாருக்குன்னுதானே அர்த்தம்?"

பத்தாயிரம் அடி

பெருங்களத்தூரிலிருந்து வந்த அந்த சாஃப்ட்வேர்காரருக்கு நாற்பத்திரண்டு வயது. சுகர் என்று தெரிந்த நாளிலிருந்து சோற்றைப் பாதியாக்கி, இனிப்பை விட்டு, தினமும் பத்தாயிரம் அடி நடந்தவர். எல்லாரும் இப்படி இருந்தால் எனக்கு வேலையே இருக்காது. புது ஷூ குதிகாலைக் கடித்துக் கொப்புளம் வந்து உடைந்துவிட்டது. இரண்டு வாரம் நடக்கக் கூடாது, காலை ஊன்றவே கூடாது என்று சொல்லி அனுப்பினோம். நான்காம் நாள் புண் இரண்டு மடங்காகி வந்து நின்றார்.

வெளியே நடக்கவில்லையாம், வீட்டு ஹாலுக்குள்ளேயே நடந்தாராம். "நடைதான் மருந்துன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று என்னிடமே கோபப்பட்டார். நடை நல்லதுதான், புண்ணோடு நடப்பதுதான் தப்பு என்று விளக்கினேன். கையில் கட்டியிருந்த, அடிகளை எண்ணுகிற வாட்சைக் காட்டி, இத்தனை மாதத்தில் ஒரு நாள்கூட விட்டதில்லை என்றார். நின்றுவிட்டால் நோய் ஜெயித்துவிடும் என்ற பயம் அவருக்கு. கூட வந்திருந்த அவர் மனைவி அந்த வாட்சை மெதுவாகக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்: "உங்க கால்ல புண் இருக்கிறது இதுக்குத் தெரியாதுங்க."

மல்லிகா அக்கா

மல்லிகா அக்கா கடலோரக் குப்பத்திலிருந்து சேலையூர் பக்கம் வந்து மீன் விற்கிறவர். ஐஸ் தண்ணீரில் வெறுங்காலோடு நிற்கிற வேலை. கெளுத்தி மீன் முள் குத்தியதைப் பொருட்படுத்தாமல் விட்டு, புறங்கால் வரை வீங்கிப்போய் வந்தார். மூன்று வாரம் நிற்காதீர்கள் என்றேன். "நிக்காம எப்டி மா? குந்திகினா எவன் வந்து மீன் வாங்குவான்?" என்று சிரித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் கட்டு மாற்ற வரவில்லை. எத்தனையோ பேர் இப்படிக் காணாமல் போய், பிறகு விரல் இல்லாமல் திரும்பி வந்திருக்கிறார்கள். மனசு கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குகிற சாக்கில் போய்ப் பார்த்தேன்.

மீன் வருகிற பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். இன்னொரு கிரேட்டில் காலை நீட்டி, ஈரம் படாமல் கவர் சுற்றியிருந்தார். பக்கத்துக் கடைக்காரி எடை போட்டுக் கொடுக்க, இவர் வாயால் மட்டும் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். கட்டு மட்டும் அழுக்கு. பையில் கொண்டுபோயிருந்த துணியால் அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். என் கையில் இரண்டு சங்கரா மீனைத் திணித்துவிட்டுச் சொன்னார்: "நின்னாதான் விக்கும்னு இருவது வருசமா நெனச்சிகினு கீறேன். குந்திகினு வித்தாலும் அதே மீனுதான் சிஸ்டர்."

ரோஸ்லின் அம்மா

பொழிச்சலூர் சாமுவேல் சார் பள்ளிக்கூட கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வலது காலில் ஆறாத புண். நான்கு மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தார். ஒவ்வொரு முறையும் கூடவே மனைவி ரோஸ்லின் அம்மா வருவார். சார் குளிக்கிற தண்ணீர் சுடுகிறதா என்று முழங்கையை விட்டுப் பார்ப்பது, விரல் இடுக்கில் ஈரம் ஒற்றுவது, தினம் காலையில் டார்ச் அடித்துப் பாதத்தைப் பார்ப்பது எல்லாம் அவர்தான். புதிதாக வருகிறவர்களிடம், இந்த அம்மாவைப் பாருங்கள் என்று நானே காட்டியிருக்கிறேன்.

புண் ஆறி வந்த சமயம். கிளம்பும்போது சாரின் செருப்பு வாரை மாட்டிவிட ரோஸ்லின் அம்மா மண்டியிட்டார். அவருக்குப் பின்னால் பஞ்சை எடுத்துக்கொண்டு நின்றிருந்த எனக்கு, மேலே திரும்பியிருந்த அவருடைய பாதம் தெரிந்தது. கட்டைவிரல் அடியில் கறுப்பாக ஒரு வட்டம். "அம்மா, அப்படியே இருங்க" என்றேன். "ரோட்டுத் தார் ஒட்டியிருக்கும் சிஸ்டர்" என்றார். துடைத்தேன். போகவில்லை, அழுகல் வாடைதான் வந்தது. சுகர் பார்த்தோம். மெஷினில் எண்ணே வரவில்லை, அதன் அளவைத் தாண்டிவிட்டது. எப்போதோ 'பார்டர்', சுகர் வரப்போகிற அளவு என்று சொன்னார்களாம். அதற்கப்புறம் தனக்காக அவர் ஒரு தடவைகூடப் பார்த்துக்கொள்ளவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்த பிறகுதான் கால் தப்பியது. ஒரு மாதம் கழித்து அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து சார் தள்ளிக்கொண்டு வந்தார். நான் கட்டைப் பிரித்ததும், "நான் பார்க்கலாமா?" என்று சார் கேட்டார். சிரமப்பட்டுத் தரையில் உட்கார்ந்து, மனைவியின் பாதத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். "விடுங்க, அசிங்கமா இருக்கு" என்று அம்மா காலை இழுத்தார். சார் விடவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "கல்யாணமாகி நாப்பத்தோரு வருஷம் சிஸ்டர். இந்தக் காலை இன்னிக்குத்தான் முதல் தடவையா பார்க்கிறேன்."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் என் பாதத்தை நானே திருப்பிப் பார்க்க முயன்றேன். பாதத்தைப் பார்ப்பதில்லை என்று பத்தொன்பது வருஷம் மற்றவர்களைத் திட்டியவளுக்கு, சொந்தப் பாதம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.